இன்ஜினியரிங் காலேஜில் மொழி வாத்தியார்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சேலத்தில் எல்லோரும் நலம்.

இன்ஜினியரிங் காலேஜில் தமிழ் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் போ. நாம் எம்.ஏ. முடித்தபோது தமிழ் படித்தவனுக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் என்ன வேலை இருந்தது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில்தான், அதாவது அந்தப் பாடத்திட்டத்தில்தான், முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு', அடுத்ததில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தாள்கள் சேர்ந்தன. ஒரு கிரெடிட் பேப்பர்தானே என்று சிலர் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

ஆங்கிலம் எடுக்கிற எங்களுக்கு முன்பெல்லாம் முதல் வருஷத்தோடு வேலை முடிந்துவிடும். இப்போது மாக் இன்டர்வியூ, குரூப் டிஸ்கஷன், கடைசி வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட் வரை எங்கள் தலையில்தான், பிளேஸ்மென்ட் குறைந்தால் முதல் கேள்வியும் எங்களிடம்தான். 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் வகுப்பே ஒரே பதிலை ஒப்பிக்கிறது. அதைப் பழக்கிவிடுவதற்கா நாம் மொழி படித்தோம்?

போன மாதம் ஆத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன், அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன், ஏதாவது ஒரு தயாரிப்பு முறையை எழுதி வா என்றதற்கு சிமென்ட் பற்றி சாட்ஜிபிடி எழுதிய பக்கத்தை நீட்டினான். ஒரு பிழை இல்லை. பேப்பரை மூடிவைத்துவிட்டுச் சொல்லுப்பா என்றேன், இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். சரி, உங்க அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில்லில் வேலையாம். அப்புறம் பார்க்கணுமே, மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து அரைப்பது, பாலைத் தொட்டியில் விட்டு மாவு அடியில் படியும்வரை காத்திருப்பது, ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டுவது, வறுப்பது, களத்தில் காயப்போடுவது என்று தமிழில் மளமளவென்று சொல்கிறான், தண்ணீர் சரியில்லாவிட்டால் ஜவ்வரிசி நிறம் மங்கிவிடும் என்பது உட்பட! அதை அப்படியே படமாகப் போடச் சொல்லி, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். பிழைகள் இருந்தன, ஆனால் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் பதில் வந்தது.

பிள்ளைக்குத் தெரிந்ததை முதலில் தமிழில் ஒழுங்காகச் சொல்ல வைத்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குக் கூட்டிப்போவதுதான் இனி நம் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. நீயும் நானும் தனித்தனி ரூமில் உட்கார்ந்திருந்தால் அது நடக்காது. எழுதிக் கொடுப்பதற்கு மார்க்கைக் குறைத்து, விளக்கிச் சொல்வதற்குக் கூட்டுங்கள் என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். அத்தனை பேரையும் பேச வைக்க நேரம் ஏது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் இப்போது லேப் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நடக்கும்போது நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

சேர்ந்ததும் இரண்டாம் செமஸ்டர் நோட்ஸை அனுப்பிவை. அதில் இரும்பு உருக்குவது வருகிறதே, இரும்புத் தாது கிடைக்கிற நம்ம சேலத்துக் கஞ்சமலை அடிவாரத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள், அடுத்த பயிற்சியை அவர்களை வைத்துத் தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் சேலத்து நண்பன்