1962 அல்ல, 1978: பரணில் கிடக்கும் பேஸ் கிடாரை விற்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று உங்கள் சேலம் பதிப்பில், பரணில் கிடந்த பழைய பேஸ் கிடார்களுக்கு (தாழ்ந்த சுரம் வாசிக்கும் நாலு கம்பி மின்கிடார்) லட்சக்கணக்கில் விலை கிடைப்பதாகக் கட்டுரை வந்திருந்தது. கூடவே ஃபென்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடல் ஒன்றின் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் போட்டு, '1962-ஆம் ஆண்டுக் கருவி' என்று எழுதியிருந்தீர்கள். அது 1962 அல்ல. உங்கள் படத்திலேயே மூன்று சாட்சி இருக்கிறது. தலைப்பகுதியில் பிராண்டு பெயரோடு 'எஸ்8' என்று தொடங்கும் எண் தெரிகிறது. ஃபென்டர் கம்பெனி வரிசை எண்ணைத் தலைக்கு ஏற்றியதே 1976-ல்தான். எஸ்8 என்றால் 1978 வாக்கில் வந்தது. விரல் பலகையில் வட்டப் புள்ளிக்குப் பதில் செவ்வகக் கட்டங்கள் பதித்திருக்கின்றன. அவை 1966-க்கு முன் கிடையாது. பின்பக்கம் நெக்கை, அதாவது நீண்ட கழுத்தை, உடலோடு பிடித்திருப்பவை மூன்று திருகுகள். 1962-ல் நான்கு இருந்திருக்க வேண்டும்.

பதினாறு வருட வித்தியாசம்தானே என்று விட முடியாது. இந்த இரண்டு காலத்துக் கருவிகளுக்கும் விலையில் பல மடங்கு இடைவெளி உண்டு. 1962 என்று நம்பி ஒருவர் பணம் கொடுத்தால் நாளை அது பஞ்சாயத்தில்தான் முடியும்.

அதைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது கட்டுரையின் கடைசி வரி: 'நன்றாகத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்து எடுத்து வந்தால் கூடுதல் விலை கிடைக்கும்.' பழைய பித்தளைக் குத்துவிளக்குக்கு அது பொருந்தலாம். பேஸ் கிடாருக்கு நேர் எதிர். முதல் பெயிண்ட் போன கருவிக்கு வாங்குபவர்கள் பாதி விலைகூடத் தயங்கித்தான் சொல்வார்கள். 1968-க்கு முந்தைய ஃபென்டர்களில் பெரும்பாலும் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற மெல்லிய பூச்சு. தின்னர் தொட்ட துணி பட்டாலே கரைந்து வந்துவிடும். பிறகு வந்த பாலியஸ்டர் பூச்சு தடித்த கண்ணாடி மாதிரி. தின்னருக்கு மசியாது, அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், மரமும் சேர்ந்து போகும். ஈரம் பிழிந்த பருத்தித் துணி, உடனே உலர்ந்த துணி. சுத்தம் செய்ய இவ்வளவு போதும். ஈட்டி மர விரல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. அது நாளடைவில் சிக்கு வாடை எடுத்து, தூசியைப் பிடித்து, ஃப்ரெட் எனும் குறுக்குத் தகடுகளின் ஓரங்களில் கறுப்புப் பசையாக நிற்கும். மினரல் ஆயில் நாலு சொட்டு, வருடத்துக்கு ஒரு முறை. கால் மணி நேரத்தில் துடைத்துவிட வேண்டும். மேப்பிள் பலகைக்கு அதுவும் வேண்டாம், அதன் மேல் லாக்கர் பூசியிருக்கிறது.

பரணைக் கிளறும்போது கிடாரோடு அதன் உதிரிகளையும் தேடுங்கள். பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) மேல் கவிழ்க்கும் குரோம் மூடி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மேல் வரும் வளைந்த தகடு, விரல் ஊன்றும் மரத்துண்டு, பழைய பெட்டி. வாசிக்கும்போது கைக்கு இடைஞ்சல் என்று எல்லோரும் முதலில் கழற்றி எறிந்தவை இவைதான். ஃபென்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸின் பிரிட்ஜ் மூடிக்குள் நாதத்தை அமுக்க ஒட்டிய ஸ்பாஞ்ச் மட்கிப் போயிருந்தாலும் பிய்க்காதீர்கள்.

இனி கருவியைச் சோதிக்கும் முறை. முதல் மின்சார பேஸாகப் பெயர் பெற்ற ஃபென்டர் பிரிசிஷன் 1951-ல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960-ல். 1965-ல் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. சந்தையில் 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது' என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு அதனால்தான். ஆனால் நம் ஊர்ப் பரணில் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஜப்பான் நகலோ கொல்கத்தாவில் செய்ததோதான் பெரும்பாலும் கிடைக்கும்; தலையில் மட்டும் யாரோ ஒட்டிய அமெரிக்கப் பெயர் இருக்கும். எனவே பெயரைப் படிப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். நட்டிலிருந்து (தலைக்கருகே கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) 12-ஆம் ஃப்ரெட் வரை உள்ள நீளத்தின் இரு மடங்குதான் கருவியின் அளவு. 432 மில்லிமீட்டர் இருந்தால் 34 அங்குல அளவுக் கருவி, ஃபென்டர் வகை. 381 இருந்தால் 30 அங்குலம். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருக்கும் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் இந்த வகை. நட்டின் அகலம் பார்த்தால் ஜாஸ் 38 மி.மீ., பழைய பிரிசிஷன் 44. பிறகு பிக்கார்டை (முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு) கழற்றி, பிக்கப் உட்காரும் குழியின் சுவரைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு ஓடினால் பிளைவுட். ஃபென்டர் என்று பெயர் ஒட்டியிருந்தாலும் விலை அங்கேயே முடிந்தது. அந்தக் காலப் பச்சை கலந்த வெள்ளை பிக்கார்டிலிருந்து கற்பூர வாடை வந்தால் மிரள வேண்டாம், செல்லுலாய்டில் கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள். தீக்குச்சி வைத்துச் சோதிக்கும் ஆசை மட்டும் ஆகாது, பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும்.

நெக்கின் பின்தகட்டில் உள்ள எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலு திருகைக் கழற்றினால் தகடு மாறிவிடும். வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் தகரக் கூட்டில் உள்ள எண் கொஞ்சம் நாணயமானது. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனியைச் சொல்லும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். ஏழு இலக்க எண்ணில் அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376622 என்றிருந்தால் 1966-ன் 22-ஆம் வாரம். கிடார் அந்த வாரத்துக்கு முன் பிறக்கவில்லை என்பதற்கு மட்டுமே இது சாட்சி. 1966-ல் மொத்தமாக வாங்கிக் குவித்த கன்ட்ரோல்களை ஃபென்டர் ஆட்கள் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை போட்டுத் தீர்த்தார்கள்.

கன்ட்ரோல் கரகரக்கிறது என்று உடனே மாற்றிவிடாதீர்கள். கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு முறை பீய்ச்சி, இரண்டு கோடிக்கும் முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கம்பெனியில் வயர்களுக்கு வைத்த ஈயம் கலையாமல் இருப்பதற்கே தனி விலை. புதிதாக ஈயம் வைத்தே தீர வேண்டுமென்றால் ரெசின் உள்ளே ஓடும் ஈயம் மட்டும். ஆசிட் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கத் தடவும் அமிலப் பசை) பட்ட இடம் சில மாதத்தில் பச்சை பூத்துப் பொடியும். பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளை மிஞ்ச ஆளில்லை, ஆனால் அது வேறு வேலை.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கிடாரைத் திறக்க வேண்டியதில்லை. ஜாக்கில் வயரைச் செருகி, மறுமுனையின் நுனியிலும் உறையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். எல்லாக் குமிழும் முழுக்கத் திறந்திருக்கட்டும். பிரிசிஷனில் 10 கிலோ ஓம் வாக்கில் காட்ட வேண்டும். 250 காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் காட்டுவது வால்யூம் கன்ட்ரோலின் தடையை மட்டும். பிரிசிஷன் பிக்கப்பின் இரண்டு பாதியும் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் ஊமை. ஜாஸ் பேஸ் இந்த விஷயத்தில் ஏமாற்றும். இரண்டு பிக்கப்பும் இணையாக இருப்பதால் ஒன்று செத்தாலும் மற்றது ஒலித்துக்கொண்டே இருக்கும், விற்பவரும் 'நன்றாக வேலை செய்கிறது' என்பார். இரண்டு வால்யூமும் திறந்த நிலையில் 3.5 கிலோ ஓம் வர வேண்டும். 7 வந்தால் ஒன்று போய்விட்டது. காதாலும் பிடிக்கலாம்: இரண்டையும் முழுக்கத் திறந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் சந்தேகம்.

சுருள் அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். பழைய பிக்கப்பில் 0.06 மி.மீ. செம்புக் கம்பியைக் காந்தக் குச்சிகளின் மேலேயே நேரடியாகச் சுற்றியிருப்பார்கள், நடுவில் ஒரு லாக்கர் பூச்சுதான். வியர்வையில் காந்தம் துருப்பிடித்தால் உள்சுற்று அறும். பிக்கப்புக்கு அடியில் வைத்த ஸ்பாஞ்ச் மட்கிக் களியாகி ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்தால் அவர்களிடம் உள்ள தடித்த கம்பியைச் சுற்றித் தருவார்கள்; பத்தாயிரம் சுற்று போக வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட ஏறாது. கிடார் பிக்கப் சுற்றுபவரிடமே அனுப்புங்கள். மூடியையும் பழைய சட்டத்தையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

நெக் விஷயத்தில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. சித்திரையில் சேலத்துக் காற்று வறண்டு, மரம் அகலவாட்டில் சுருங்கும். விரல் பலகையின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் ரம்பம் போல் கீறும். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அதே மரம் ஊறி, கம்பி ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும் அல்லது உயர்ந்து நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரு மணி நேரத்தில் ஏறிப் போய், வண்டியை விட்டு இறங்கிய வேகத்தில் பெட்டியைத் திறந்தால் பழைய லாக்கரில் மயிரிழை வெடிப்பு ஓடும். இரண்டு மணி நேரம் பெட்டியை மூடியே வைத்திருங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரத்துக்கு நிம்மதி. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், கோடையில் எடுத்துவிட வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும்.

நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை 75 கிலோ அளவில் இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு. வருடக்கணக்கில் வாசிக்காமல் வைக்கப்போகிறோம் என்று கம்பியை முழுக்கத் தளர்த்தினால் ராட் மட்டும் இழுத்து நெக் பின்னால் வளையும். ஒரு சுரம் இறக்கினால் போதும். வளைவை அளக்க முதல் ஃப்ரெட்டையும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.35 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சரி. அதிகமானால் ராட்டை வலப்பக்கம் கால் சுற்று முடுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அறுபதுகளின் ஃபென்டரில் ராட்டின் தலை நெக்கின் அடிமுனையில் இருக்கிறது; கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்றினால்தான் எட்டும். முடுக்க முடுக்க இறுகி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். முறிந்த ராட்டுக்கு விரல் பலகையைப் பெயர்க்க வேண்டி வரும். ராட் சரியான பிறகுதான் கம்பியின் உயரம்: 17-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.8 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2.4. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு 'நெக் போச்சு' என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவை பல.

ஆடித் திருவிழா மேடைகளில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கருவியில் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஜெனரேட்டருக்கு எர்த் இல்லையென்றால், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிக்கும். வாசிக்கும் முன் கம்பிக்கும் மைக்கின் வலைத்தலைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லாவிட்டால் மேடை ஏற வேண்டாம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று லைனில் இருப்பது நல்லது.

வாங்கல் விற்றலில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல் 'லாசூட்', அதாவது வழக்கு. 1977-ல் அமெரிக்கக் கிடார் கம்பெனியான கிப்சனின் தாய் நிறுவனம், ஜப்பானின் ஐபனெஸ் கருவிகளை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மேல் தலைப்பகுதியின் வடிவத்துக்காக வழக்குப் போட்டது. அதோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும், எழுபதுகளின் எந்த ஜப்பான் நகலையும் இன்று அந்தப் பெயர் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். வாசிப்பதற்கு அவை நல்ல கருவிகள். சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுக்கு விற்பவர்கள் விரல் பலகையின் மரத்தைக் கவனிக்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபென்டர் போட்டது பிரேசில் ஈட்டி. 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் கடுமையான தடை உள்ள மரம், உரிய அனுமதி இல்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. அறுபதுகளின் நடுவிலிருந்து அவர்கள் போட்டது நம் இந்திய ஈட்டி. அதில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 முதல் விலக்கு உண்டு.

படத்தில் உள்ள பேஸ் 1978 என்பதால் மோசமானதாகிவிடாது. மூன்று திருகு நெக் பக்கவாட்டில் நகரும் என்பதே அதன் மேல் உள்ள பழைய புகார். தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் விரல் பலகையின் ஓரத்திலிருந்து ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கம்பியைத் தளர்த்தி, திருகுகளை அரைச் சுற்று இளக்கி, நெக்கைக் கையால் நேராக்கி மறுபடி முடுக்கலாம். டிரஸ் ராட் தலைப்பகுதியிலேயே இருப்பதால் நெக்கைக் கழற்ற வேண்டியதும் இல்லை. ஆண்டைத் திருத்தியும், பெயிண்ட் அடிக்கச் சொன்ன வரியை விலக்கியும் அடுத்த ஞாயிறு இதழில் நாலு வரி போடுங்கள். உரிமையாளர் உப்புத்தாள் வாங்கப் போவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பேஸ் வாசிக்கும் வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7