மின்னணு ஆர்வலர் சங்கம், சென்னை: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது: வீட்டு வைஃபையில் எல்இடி விளக்குகளை இயக்குவது. ஈஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய விளக்குப் பட்டை), 5 வோல்ட் பவர் சப்ளை மூன்றையும் ரிச்சி தெருவில் வாங்கினோம். டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை போர்டில் ஏற்றிவிட்டால் போன் பிரவுசரிலேயே நிறத்தை மாற்றலாம்.

அதிகம் யோசிக்க வைத்தது மின்சாரம்தான். ஒரு எல்இடி முழு வெள்ளையில் எரிய ஏறத்தாழ 60 மில்லிஆம்ப் வேண்டும். மீட்டருக்கு 60 வீதம் 5 மீட்டர் என்றால் 300 எல்இடி, 18 ஆம்ப். போன் சார்ஜர் தாங்காது. நவராத்திரிக்கு ஓர் உறுப்பினர் வீட்டுக் கொலுவில் ஸ்ட்ரிப்பைச் சுற்றினோம். மேல்படியில் வெள்ளையாக எரிந்தது, கீழ்ப்படிக்கு வரும்போது மஞ்சளாகிச் சிவந்துவிட்டது. ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தடத்தில் வோல்டேஜ் போகப் போகக் குறைகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்ததுதான் வெள்ளை; நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவை என்பதால் அவை முதலில் மங்குகின்றன. கீழ்முனைக்கும் தனி ஒயர் இழுத்து 5 வோல்ட் கொடுத்ததும் சரியானது.

விளக்கு கண்டபடி மினுக்கினால் முதலில் போர்டின் கிரவுண்டும் (மைனஸ் முனை) பவர் சப்ளையின் கிரவுண்டும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் லெவல் ஷிப்டர், அதாவது சிக்னலின் வோல்டேஜை உயர்த்தித் தரும் சில்லு, இருக்கிறதா என்று பாருங்கள்: போர்டு தருவது 3.3 வோல்ட் சிக்னல், ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது 5 வோல்ட்டை ஒட்டியது. நிரலைக் குடைவது அதற்குப் பிறகுதான்.

ஈஎஸ்பி8266 போர்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரவுட்டரில் அதற்கென்று ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் போன் பிரவுசரில் தட்டும் முகவரி மாறாது. இன்டர்நெட் துண்டானாலும் ரவுட்டர் ஓடும்வரை விளக்கு நம் சொல் கேட்கும். வெளியே எங்கோ உள்ள சர்வரை நம்பி நிற்கும் விளக்குகளைவிட இதுவே நம் வீடுகளுக்கு ஏற்றது என்று உறுதியாக நம்புகிறேன். 230 வோல்ட் பக்கத்தை மட்டும் மாணவ உறுப்பினர்கள் தனியாகத் தொடவே வேண்டாம்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அடுத்து, கார்த்திகை தீபத்துக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விளக்கு போட எண்ணம். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் சிலிகான் உறையுள்ள ஸ்ட்ரிப் வேண்டும், வெட்டிய முனைகளையும் அடைக்க வேண்டும். சால்டரிங் பழகியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்