கன்று கேட்டிருந்தாய்

லால்குடி

அன்புள்ள ராமலிங்கம்,

பேரன் பிறந்த சேதி படித்ததும் என் மனைவி கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நட்சத்திரம் என்ன என்று எழுதவே இல்லையாம் நீ. முழங்காலுக்கு நீ சொன்ன தைலம் இன்னும் வாங்கவில்லை, சோம்பல்தான்.

இங்கே படுகையில் போட்டிருந்த ரஸ்தாளியில் பாதிக்கு மேல் வாடல் விழுந்துவிட்டது. அடி இலைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தொங்கின. ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கை அறுத்தேன். உள்ளே செம்பழுப்புக் கோடுகள். அந்தப் பூஞ்சாணம் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். என் காலத்தில் அங்கே இனி ரஸ்தாளி கிடையாது.

"மரபணுவைத் திருத்துகிறார்களாமே, வாழைக்கு ஒன்றும் வராதா?" என்று கேட்டிருந்தாய். இருந்த எரிச்சலில் மகளிடம் கட்டுரைகள் கேட்டு வாங்கி ஒரு வாரம் அதே வேலையாகப் படித்தேன்.

நெல்லுக்கு வந்தாயிற்று. 2025 மே மாதம் டெல்லியில் இரண்டு ரகங்களை அறிவித்தார்களே. கிரிஸ்பர் என்னும் கத்தரி செல்லுக்குள் போய்க் குறித்த இடத்தில் வெட்டும். வெட்டு ஆறும்போது மரபணு மாறிவிடும். பிறகு, கத்தரியின் மரபணு இல்லாத விதைகளை அடுத்த தலைமுறையில் பொறுக்கிக்கொள்ளலாம். வெளி மரபணு தங்காத இத்தகைய பயிர்களுக்குத்தான் 2022-இல் மத்திய அரசு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான பழைய கெடுபிடிகளைத் தளர்த்தியது.

ரஸ்தாளிக்கு விதை ஏது? உள்ளே போன கத்தரி கன்றுக்குக் கன்று கூடவே வரும். போதாததற்கு அதன் குரோமோசோம்கள் மும்மூன்றாக இருக்கின்றன. மூன்றிலும் வெட்டு விழ வேண்டும். கத்தரியை மரபணுவாகச் செலுத்தாமல் புரதமாகவே செலுத்தினால் வேலை முடிந்ததும் சிதைந்துவிடுமாம். ஆனால் அப்படித் திருத்திய ஒற்றைச் செல்லிலிருந்து முழு வாழையை எழுப்புவது பெரும்பாடு.

பஞ்சாபில் மொகாலியில் 2018-இலேயே நம் ரஸ்தாளியில் கை வைத்திருக்கிறார்கள். கத்தரி வெட்டுகிறதா என்று பார்க்க, பச்சையத்தைக் காக்கும் நிறமிக்கான மரபணுவைக் கெடுத்தார்கள். கன்றுகள் வெள்ளை வெளேரென்று வந்தன. சோதனைதான், இருந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நைரோபியில் 2019-இல் செய்தது உருப்படியான வேலை: வாழையின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே ஒளிந்திருந்து, வறட்சி வந்தால் விழித்துக்கொள்ளும் ஒரு வைரஸை வெட்டி முடக்கினார்கள். வாடலைத் தாங்கும் வாழைக்கு ஆஸ்திரேலியாவில் 2024-இல் அனுமதி கிடைத்தது. அது கேவண்டிஷ் என்னும் வேறு வாழை ரகம், காட்டு வாழை மரபணுவைச் சேர்த்து உண்டாக்கியது, திருத்தியதல்ல.

ஆனாலும் எனக்குத் திருத்தத்தின் மேல்தான் ஆசை. வேறு வாழையோடு கலந்தால் அந்த மணமும் இலேசான புளிப்பும் போய்விடும். திருத்தினால் ரஸ்தாளி ரஸ்தாளியாகவே இருக்கும். பயம் ஒன்றுதான்: அப்படி ஒன்று வந்தால், பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கன்று பெயர்த்துக் கொடுக்க விடுவார்களா, காப்புரிமை என்று தடுப்பார்களா? என் அப்பா ஒரு கன்றுக்கும் காசு வாங்கியதில்லை. வாடலும் அப்படிக் கைமாறித்தான் ஊர் ஊராகப் போயிருக்கும், அது வேறு விஷயம்.

அதனால்தான் நீ கேட்ட கன்றை அனுப்பவில்லை. கிழங்கில் ஒட்டிய மண்ணே உன் தோட்டத்தைக் கெடுத்துவிடும். மேட்டுப்பக்கம் ஒரு மரம் தார் தள்ளி நிற்கிறது. முற்றட்டும், பழமாகவே கொண்டுவருகிறேன். பேரனையும் பார்த்தாற்போல் இருக்கும்.

அன்புடன்,
கணேசன்