சம்பந்தி வீட்டுப் பெயர்

ஸ்டர்லிங், ஸ்காட்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் படிக்கட்டுல வீரம் காட்டாதே.

இங்கே மருமகளுக்கு எட்டாம் மாசம். சம்பந்தியம்மா மேக்ரெகர் வம்சம்னு சொல்லியிருக்கேன்ல? இன்னைக்கு எங்களை பால்விடர்ங்கிற கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இடிஞ்ச சர்ச் பக்கத்துல, அந்தக் குலத்துல பேர்போன ராப் ராய் மேக்ரெகர் கல்லறை. 1734-ல் செத்த மனுஷன். கல்லுல, ‘யார் தடுத்தாலும் மேக்ரெகர்தான்’ங்கிற மாதிரி பொறிச்சிருக்கு. தூறல்ல நின்னு அதுக்கு அர்த்தம் கேட்டேன். திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தக் கதைதான்.

1603-ல் கிளென் ஃப்ரூயின்ல கொகூன் குலத்தோட பெரிய வெட்டுக்குத்து. அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு வந்த கோபத்துல, மேக்ரெகர்ங்கிற பேரையே தடை பண்ணிட்டாங்க. அந்தப் பேரை வச்சுக்கிட்டா மரண தண்டனை! அடுத்த ஜனவரியில குலத் தலைவர் அலஸ்டேரை எடின்பரோவில் தூக்குல போட்டாங்க. பிறகு வந்த சட்டத்துல, நாலு பேருக்கு மேல கூடக் கூடாது, கறி நறுக்க முனை மழுங்கின கத்தி மட்டும் வச்சுக்கலாம்னு இருந்துச்சாம். எனக்கு அந்தக் கத்திதான் மனசுல நிக்குது.

1661-ல் தடை நீங்கி, 1693-ல் திரும்ப வந்து, 1774-ல்தான் ஒழிஞ்சுது. அதுவரைக்கும் மர்ரே, கிரஹாம், கிராண்ட்னு கிடைச்ச பேர்ல ஒளிஞ்சு வாழ்ந்திருக்காங்க. ராப் ராயே அம்மா வழிப் பேரான கேம்பலைத்தான் போட்டுக்கிட்டார். இவங்க நிலத்தைப் பிடுங்கினதும் அந்தக் கேம்பல் குலத்துக்காரங்கதான்!

இன்னொண்ணு. 1570-ல் ஒரு கேம்பல் வீட்டுப் பொண்ணோட புருஷன் மேக்ரெகரை, அவ சொந்தக்காரங்களே தலையை வெட்டிட்டாங்க. அவ கைக்குழந்தைக்குப் பாடினதா ஒரு பாட்டு, ஸ்காட்லாந்தோட பழைய மொழியான கேலிக்ல இன்னும் இருக்கு. சம்பந்தியம்மா காருக்குள்ள மெல்லப் பாடினாங்க. தாலாட்டா ஒப்பாரியான்னு பிரிக்க முடியலைடா.

‘மேக்’னா மகனாம். மகன், மேக்... நம்ம தமிழ் வாத்தியார் இருந்திருந்தா இந்நேரம் கட்டுரையே எழுதியிருப்பார்.

“உங்க குடும்பப் பேர் எவ்வளவு பழசு?”ன்னு கேட்டாங்க. “அறுபத்தெட்டு வருஷம்”னேன். முழிச்சாங்க. பின்னே? மகன் பாஸ்போர்ட்ல குடும்பப் பேரா இருக்கறது என் பேர்தானே!

பேரக்குழந்தைக்கு நடுவுல மேக்ரெகர்னு சேர்க்கணும்னு மருமகளுக்கு ஆசை. ஃபாரத்துல கட்டம் பத்தாதேன்னு மகன் முணுமுணுக்கிறான். நான் சரின்னுட்டேன்.

தங்கச்சியைக் கேட்டதா சொல்லு.

உன்,
சுந்தரம்