செல்விக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மஞ்சக்குப்பத்து அத்தை பேரனுக்கு மொட்டை போட்டார்கள், உன்னைக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

அப்படித்தானே? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவள், அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொன்ன பிறகு போனையே எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘ஒண்ணுமில்லம்மா, விடு’ என்கிறாய். நான் அதைத் தோண்ட வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆனால் மனசு கேட்கவில்லை, பாப்பா. வளவளவென்று பேசிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதில்லை, சாயங்காலம் வேனில் ஏறச் சொன்னால் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றாய். ஆதாரம் இல்லாமல் பேசினால் ஸ்கூல் பேர் கெட்டுவிடும் என்று மேலே இருப்பவர்கள் சொன்னதாகவும் சொன்னாய். அப்போது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்து அங்கன்வாடியில் பேச்சு நின்றுபோன பிள்ளைகளோடு இருந்தவள் நான். கடலுக்குப் பயந்த பிள்ளை பெரியவர்கள் மடியைத் தேடி ஓடிவரும். பெரியவர்களுக்கே பயந்த பிள்ளை எங்கே ஓடும்? அத்தனை பேர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் உன் முந்தானையைத்தான் பிடித்திருக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான். அதனால்தான் உன்மேல் கோபமும் வருகிறது.

அடியா, அதைவிட மோசமா, எனக்குத் தெரியாது. அடி என்றாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் மனசை நோகடிக்கவும் கூடாது என்கிறது. அதைவிட மோசம் என்றால் போக்சோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம். 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக் கூட்டங்களில் கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆதாரம் தேடுவது உன் வேலை கிடையாது, அது போலீஸ் வேலை. நடந்தது தெரிந்தாலும், நடக்கும் என்ற பயம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நடந்தது தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருஷம் வரை. நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்மேல் வழக்கு வராது. உன் மேலிடத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள் என்று பயப்படாதே. வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோதான் விசாரிக்க வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் வருவார். அவள் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது.

நீ அவளைத் துருவித் துருவிக் கேட்காதே. அவளாகச் சொன்னால், அவள் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வை. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிடாதே. ‘உன்மேல தப்பு இல்ல’ என்று சொல். நாளைக்கும் சொல். எழுதி வைக்க மறக்காதே.

குழந்தைகள் உதவி எண் 1098. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அங்கே சொன்னால் குழந்தைகள் நலக் குழு வரைக்கும் போகும். மேலே சொல்லியாச்சு என்று நீ சும்மா இருக்க முடியாது. அவர்கள் பேசாவிட்டாலும் உன் கடமை தீராது.

வேலை போய்விடும் என்று யோசிக்கிறாயா? பண்ருட்டி முந்திரித் தோப்பை விற்ற அன்றைக்கு அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. இப்போதும் அதையேதான் சொல்கிறார். போனால் போகட்டும், ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடு. மாடி ரூமைக் கூட்டி வைத்திருக்கிறேன். மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சும்மா இருக்க மாட்டார்.

அந்தப் பிள்ளை இன்றைக்கும் அதே வேனில்தான் ஏறியிருப்பாள். இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. முதலில் 1098க்குப் பேசு, அப்புறம் எனக்கு. தனியாகப் பேசக் கஷ்டமாக இருந்தால் சொல், காலை பஸ்ஸிலேயே கிளம்பி வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா