ரோல் கேஜ்: குழாயைவிடக் காலடியே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காகக் கார்ப் பந்தயத்தில் இறங்குபவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் தடித்த இரும்புக் குழாய்களால் ஆன ரோல் கேஜை, அதாவது காருக்குள் ஓட்டுநரைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்புக் கூண்டைப் பொருத்திவிட்டால் கார் உருண்டாலும் ஓட்டுநருக்குக் கவலையில்லை என்று பொருள்படும் வகையில் அதில் எழுதப்பட்டிருந்த வரிகளை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பரிசோதித்து அனுமதித்த கார் ஒன்று பந்தயத்தில் உருண்டது. மறுநாள் அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும், கூண்டின் முதன்மை வளைவு சிறிதும் வளையாமல் அப்படியே இருந்தது. ஆனால் அதன் இடது கால், காரின் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. வளைவு அந்தப் பக்கம் அமிழ்ந்ததால் கூரை ஹெல்மெட்டின் மீது இறங்கிவிட்டது. ஓட்டுநர் உயிர் பிழைத்தார் என்றாலும், கழுத்துக் காயத்திலிருந்து மீளப் பல மாதங்கள் ஆயின. உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு தகட்டை, அடிப்பூச்சைச் சுரண்டாமல், துருப்பிடித்த தரையின் மேலேயே பற்றவைத்திருந்தார்கள். அதன்மேல் தரைவிரிப்பு கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. குழாயின் தடிமனை மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

பெரும்பாலான கார்களின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. அதன்மேல் ஒரு குழாயை நட்டுவைத்து மேலிருந்து அடித்தால், குழாய் வளைவதற்கு முன்பே தகடு கிழியும். இதனால்தான் உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதிகள் குழாயைப் பற்றிச் சொல்வதோடு நிற்காமல், அது நிற்கும் இடத்தைப் பற்றியும் கறாராகச் சொல்கின்றன. போல்ட் வைத்துப் பொருத்தும் முன் வளைவு, முதன்மை வளைவு ஆகியவற்றின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட வலுவூட்டும் தகடு காரின் உடலோடு பற்றவைக்கப்பட வேண்டும்; காலைக் குறைந்தது மூன்று போல்ட்டுகள் பிடிக்க வேண்டும்; அந்த போல்ட்டுகள் எம்8 (8 மி.மீ. விட்டம்) அளவிலும் 8.8 என்ற வலிமைத் தரத்திலும் குறையக் கூடாது. 120 சதுர சென்டிமீட்டர் என்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுரம். இதுவே குறைந்தபட்சம் என்பதை மறந்துவிடக் கூடாது. தகட்டைத் தரையில் மட்டும் படுக்கவைக்காமல், எல் வடிவில் மடித்துக் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிச் சட்டத்தின் மீதும் ஏற்றிப் பற்றவைத்தால், விசை காரின் உறுதியான பகுதிக்குப் போய்ச் சேரும். நான் பார்த்தவரை, நன்றாகக் கட்டப்பட்ட கார்களில் எல்லாம் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு விசை என்பதை ஒரு கணக்கால் உணரலாம். எஃப்.ஐ.ஏ. அங்கீகாரத்துக்காக ஒரு கூண்டைச் சோதிக்கும்போது, காரின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி, அதன் ஏழரை மடங்குச் சுமையை முதன்மை வளைவின் உச்சியில் செலுத்துவது முறை. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காருக்கு இது எட்டரை டன்னைத் தாண்டும். ஆறு கால்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்கூடக் காலுக்கு ஏறத்தாழ 1,400 கிலோ வரும். உண்மையான விபத்தில் கார் பெரும்பாலும் ஒரு மூலையில்தான் வந்து விழும் என்பதால், எந்தக் கால் எவ்வளவு சுமக்கும் என்பது நம் கையில் இல்லை.

இனிக் குழாய்க்கு வருகிறேன். குளிர்முறையில் இழுக்கப்பட்ட, தையலற்ற (நீளவாக்கில் இணைப்பு இல்லாத) கார்பன் எஃகுக் குழாயையே எஃப்.ஐ.ஏ. கேட்கிறது, அதன் இழுவிசை வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் இருக்க வேண்டும். மற்ற பெரும்பாலான உறுப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2 போதும். தடித்த சுவரே வலிமை என்று நம்புபவர்கள் இந்த இரண்டு அளவுகளையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ எடையுள்ளது. 50க்கு 2 குழாய் 2.4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வளைதலை எதிர்க்கும் விறைப்பில், எடை குறைந்த அந்த இரண்டாவது குழாயே ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னிற்கிறது. விறைப்பில் விட்டத்துக்கு அவ்வளவு பங்கு உண்டு.

தண்ணீர்க் குழாயை இதற்குப் பயன்படுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். அது அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, மோதலைத் தாங்குவதற்காக அல்ல. அதன் எஃகு எந்தத் தரம் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். துத்தநாகம் பூசியதாக இருந்தால் பற்றவைப்பும் கெடும், அந்தப் புகை பற்றவைப்பவரின் உடலையும் கெடுக்கும். மறுகோடியில், குரோமோலி என்ற உலோகக் கலவையைத் தேடி அலைபவர்களும் உண்டு. அது வலிமையானதுதான். ஆனால் அதன் விறைப்பு சாதாரண எஃகின் விறைப்பேதான். பற்றவைக்கும் முறையில் பிழை நேர்ந்தால் இணைப்பை ஒட்டிய பகுதி நொறுங்கும் தன்மை அடையும். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குச் சாதாரணத் தையலற்ற எஃகே போதும் என்பது என் உறுதியான கருத்து.

முதன்மை வளைவு இணைப்பே இல்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும். அதைச் சூடாக்காமல் வளைக்க வேண்டும். வளைக்கும் இடத்தின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. வளைத்த இடத்தில் குழாய் நசுங்கி முட்டை வடிவமானால், குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பின்தாங்கு குழாய்கள் முதன்மை வளைவின் மேல் மூலைகளுக்கு அருகிலிருந்து, நெளிவில்லாமல், செங்குத்துக்குக் குறைந்தது 30 பாகை சாய்ந்து பின்னோக்கி இறங்க வேண்டும். இவையெல்லாம் விதிப் புத்தகத்தில் இருப்பவை. அவற்றின் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றே: நேரான குழாய் நீளவாக்கில் அழுத்தத்தையும் இழுப்பையும் நன்றாகத் தாங்கும், நடுவில் அடிபட்டால் எளிதில் மடங்கும். ஆகவே குழாய்கள் சந்திக்கும் இடங்கள் ஒன்றையொன்று நெருங்கி அமைய வேண்டும். ஒரு குழாய் இன்னொன்றின் நடுப்பகுதியில் ஆதரவில்லாமல் வந்து முட்டுவதைக் கண்டால், அந்தக் கூண்டைக் கட்டியவருக்கு விசை எந்த வழியாகப் போகிறது என்பது விளங்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பற்றவைப்பில் எல்லோரும் இடறும் இடம் கூரைக்கு அடியில் இருக்கிறது. இணைப்பைச் சுற்றி முழு வட்டமும் பற்றவைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் குழாய்க்கும் கூரைக்கும் இடையே விரல் நுழையவே இடமிருக்காது. எனவே கண்ணுக்குத் தெரியும் முக்கால் வட்டத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் துளையிட்டு, கூண்டு முழுவதையும் கீழே இறக்கி, மேல் பகுதியைப் பற்றவைத்த பின் தூக்கி நிறுத்தி, தகடுகளால் துளைகளை மூடுவது ஒரு நல்ல வழி. கூரையை வெட்டியெடுத்துப் பற்றவைத்து மீண்டும் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். சோதிக்கும்போது நான் ஒரு சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் கொண்டு மேல்பக்கத்தைப் பார்க்கிறேன். பற்றவைப்பை வழவழவென்று தேய்த்து மெருகேற்றியிருந்தால் எனக்கு மதிப்பு கூடுவதில்லை, சந்தேகமே கூடுகிறது. தேய்த்ததில் உலோகமும் போயிருக்கும், குறையும் மறைந்திருக்கும். பட்டறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதே குழாயில் ஒரு மாதிரி இணைப்பைச் செய்யச் சொல்லி, அதைக் குறுக்கே அறுத்து, பற்றவைப்பு சுவருக்குள் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது நல்லது. நல்ல கைத்திறன் உள்ளவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூண்டை முதலில் வாங்கிவிட்டு இருக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைகீழான வரிசை. முதலில் எந்தப் பந்தயத்தில் ஓட்டப்போகிறோம் என்று தீர்மானித்து, அதன் விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அடுத்து இருக்கையைப் பொருத்தி, ஓட்டுநர் ஹெல்மெட் அணிந்து பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் தலைக்கும் தோளுக்கும் உள்ள இடத்தை அளக்க வேண்டும். அதன் பின்னரே குழாய்கள் எங்கே போகலாம் என்று முடிவு செய்ய முடியும். தோள் பெல்ட்டைப் பிடிக்கும் குறுக்குக் குழாயின் உயரமும் இந்த அளவைப் பொறுத்ததே. அது மிகத் தாழ்ந்துவிட்டால், மோதலின்போது பெல்ட் ஓட்டுநரைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை நசுக்கும்.

ஹெல்மெட் படக்கூடிய குழாய்களுக்குப் போடும் மெத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்களில் வெப்பம் போகாமல் இருக்கச் சுற்றும் மென்மையான நுரையை வாங்கிச் சுற்றிவிட்டு நிம்மதியடைகிறார்கள். தலை மோதும் வேகத்தில் அது நொடியில் நசுங்கி, அடி நேரே எஃகிலிருந்துதான் விழும். எஃப்.ஐ.ஏ. 8857-2001 அல்லது அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் 45.1 தரம் பெற்ற மெத்தை கையால் அமுக்கினால் கட்டைபோல் இருக்கும். அந்தக் கடினம்தான் தலையின் வேகத்தைப் படிப்படியாக வாங்கிக்கொள்கிறது.

தங்கள் கட்டுரையில் எனக்கு மிகுந்த கவலையளித்தது, கூண்டு பொருத்திய காரை அன்றாடச் சாலைப் பயணத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற குறிப்புதான். சாலையில் யாரும் ஹெல்மெட் அணிவதில்லை. சாதாரண சீட் பெல்ட் தலையைப் பக்கவாட்டில் போகாமல் தடுப்பதும் இல்லை. தலைக்கு அருகில் எஃகுக் குழாய் இருக்கும் காரில், உயிரைப் பறிக்க வலுவில்லாத ஒரு சாதாரண மோதல்கூட மண்டையோட்டை உடைத்துவிடும். பந்தயத்தில் காப்பாற்றும் அதே குழாய் சாலையில் ஆளைக் கொல்லும். இந்தத் திருத்தத்தையாவது தாங்கள் தனியே வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை முடிந்து பெயின்ட் அடித்த பிறகு காரைப் பரிசோதனைக்குக் கொண்டுவருவதே வழக்கமாக இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, பற்றவைப்பும் கால் தகடுகளும் வெறும் உலோகமாகத் தெரியும் நிலையில் ஒரு பரிசோதகரிடம் காட்டிவிட்டால், குறை இருந்தாலும் அப்போதே சரிசெய்துவிடலாம். அப்படி வரும்போது தரைவிரிப்பைக் கழற்றிவிட்டு வரும்படி இப்போது எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பந்தயக் கார்ப் பரிசோதகர் ஒருவர்