ஓடி வருபவருக்கு உடை மாற்ற ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு பற்றி வைத்தியர்கள் எழுதும் கட்டுரைகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. நான் ஒன்றையும் விடாமல் வாசிப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். ஓடுகிறவராக இருந்தால் 75 நிமிடம் போதும். சரி, அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது? விடிய எழும்பினால் சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது. பின்னேரம் வீடு போனால் ரியூசன், துவைப்பு, இரவுச் சாப்பாடு. வேலைக்குப் போகும் நேரத்தையே ஓட்டத்துக்குக் கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே வழி. நாவற்குடாவில் இருந்து மட்டக்களப்பு நகரில் உள்ள கந்தோருக்கு ஓடி வருகிறேன். ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். ஓடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. வந்து சேர்ந்து, வியர்வை அடங்கி, கழுவி, சேலை கட்டி, 8.30க்கு மேசையில் இருப்பதற்குள் படும் பாடுதான் சிரமம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

இந்தப் பழக்கம் 2022 இல் வந்தது. அந்த ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர்தான் தந்தார்கள். என் கணவருக்கு வேலை களுவாஞ்சிகுடியில். என்னை நகரில் இறக்குவதென்றால் அவர் எதிர்த்திசையில் வந்து திரும்ப வேண்டும். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நடந்தேன். பழைய கல்லடிப் பாலத்தில் அந்த நாட்களில் என்னைப்போல் எத்தனையோ பேர் நடந்தார்கள், சைக்கிள் உழக்கினார்கள். கச்சேரி (மாவட்டச் செயலக) ஆட்கள், வங்கி ஆட்கள், கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகப் போனோம். எரிபொருள் வந்ததும் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் நடையை ஓட்டமாக்கிக்கொண்டேன்.

திரும்பிப் போனவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மட்டக்களப்பின் காலநிலையில் காலை ஏழு மணிக்கு வேகமாக நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டும். அந்தக் கோலத்தில் பொதுமக்கள் முன்னால் இருந்து அலுவல் பார்க்க யாருக்கு மனம் வரும்? அவர்களுக்கு உடம்பு கழுவ ஓர் இடமும், மாற்றுடுப்புத் தொங்கவிட ஒரு கொளுக்கியும் இருந்திருந்தால் அரைவாசிப் பேராவது இன்றும் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார்கள். இதை உறுதியாக நம்புகிறேன்.

பாதை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறரைக்கு முன்பே வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். வாகனங்கள் இடப்பக்கமாக ஓடும் நாடு என்பதால், ஓடுபவர் வலப்பக்க ஓரமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுவதுதான் பாதுகாப்பு. கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் முந்திக்கொண்டு வரும் நேரம் அது. கடல் வலக்கைப் பக்கம் என்பதால் வெயில் அந்தக் கன்னத்திலேயே விழும். பாலத்தில் ஏறினால் முதுகுக்கு மாறும். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை, 2013 இல் புதிய பாலம் வந்த பிறகும் இடிக்காமல் விட்டது நடப்பவருக்குச் செய்த பெரிய உதவி. வாவிக்காற்றில் மூச்சு வாங்கிப் போக அங்கேதான் முடியும். கட்டாக்காலி நாய்கள் தொல்லைதான். மாநகர சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தடுப்பூசி போடும் வேலையை விடாமல் செய்ய வேண்டும். கடிபட்டவர்கள் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் கல்லடியில் வீட்டு வாசல் கூட்டும் அம்மா ஒருவர் "என்ன பிள்ளை, பஸ்ஸ விட்டுட்டியா?" என்று கேட்பார். இப்போது அவரே வழியில் நிற்கும் நாயை அதட்டிவிடுகிறார்.

ஓடி வர விரும்பும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது சேலையைப் பற்றித்தான். ஓடும்போது சேலையைக் கொண்டுவர முடியாது என்பதால், திங்கட்கிழமை பஸ்ஸில் வரும்போதே அந்தக் கிழமைக்குரிய சேலை, சட்டை, பாவாடை, துவாய், ஊசிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுவேன். என் மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டு எனக்கு. கந்தோர்ச் செருப்பு எப்போதும் அங்கேயே கிடக்கும். மருதமுனைக் கைத்தறிச் சேலை கட்ட எனக்கு மிகவும் விருப்பம். ஆனால் பருத்தி கசங்கும். கந்தோரில் அயன் பண்ண வசதியில்லை. ஆகவே ஓடும் நாட்களில் கசங்காத துணியைத்தான் கட்டுகிறேன். அதையும் மடித்து வைக்காமல் சுருட்டி வைத்தால் மடிப்புக்கோடு விழாது. கைத்தறியைத் திங்களன்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அழுக்குடுப்பு முழுவதும் பஸ்ஸில் வீடு போகும். ஓடும்போது இடுப்புப் பையில் திறப்பு, போன், அடையாள அட்டை, கொஞ்சம் காசு, இவ்வளவுதான். முதுகுப்பையோடு ஓட வேண்டியிருப்பவர்கள் நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டி உள்ள பையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் பை முதுகில் அடித்துத் தோள்பட்டை உரசிப் புண்ணாகிவிடும். பகல் சாப்பாட்டையும் ஓடிக்கொண்டு கொண்டுவர முடியாது, குழம்பு சிந்திவிடும். என் சாப்பாட்டுப் பெட்டியை ஸ்கூட்டியில் வரும் பக்கத்து வீட்டுச் சகோதரி கொண்டுவந்து தருகிறார். அவர் லீவு எடுத்தால் அன்றைக்குக் கடைப்பார்சல்தான்.

அடுத்தது வியர்வை. ஓட்டம் நின்றவுடன் வியர்வை நிற்காது. உள்ளுடம்பின் சூடு இறங்க நேரமெடுக்கும். அதுவரை பதினைந்து, இருபது நிமிடம் ஊறிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் காற்றில் ஈரப்பதன் கூட என்பதால் வியர்வை இலகுவில் காய்வதில்லை, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. ஓடி வந்த கையோடு குளித்துச் சேலை கட்டினால், கட்டி முடிப்பதற்குள் சட்டை மறுபடி நனைந்துவிடும். அதனால் பாலம் கடந்த பிறகு நான் ஓடுவதில்லை, நடந்துதான் வருவேன். கந்தோருக்கு வந்தபின் வாசலில் காவலாளி அண்ணனின் மின்விசிறிக்குக் கீழே தண்ணீர் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீரில் தேசிக்காயும் உப்பும் சேர்த்துக்கொள்வேன். உடம்பு அடங்கிய பிறகு அரை வாளித் தண்ணீர் போதும். தலைக்கு ஊற்றுவதில்லை, நீண்ட முடி வேலை தொடங்குவதற்குள் காயாது. இறுக்கிப் பின்னிக் கொண்டையாக முடிந்து, அடிமுடியைத் துவாயால் ஒற்றி எடுத்துவிடுவேன். புதிய வியர்வைக்கு மணம் குறைவு. தோலில் வாழும் பக்டீரியாக்கள் அதைச் சிதைக்கத் தொடங்கிய பிறகுதான் மணக்கும். ஆகவே வந்த நேரமே சவர்க்காரம் போட்டுக் கழுவினால் நாள் முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. மணப்பது பையில் சுருட்டிப் போட்ட ஈர உடுப்புத்தான். அதை அலசிக் காற்றுப்படும் இடத்தில் விரித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சப்பாத்து நனைந்துவிட்டால் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து வைப்பேன். பின்னேரத்துக்குள் ஓரளவு ஈரம் இழுத்துவிடும்.

இவ்வளவையும் ஒருவர் தன் முயற்சியால் செய்துகொள்ளலாம். இடத்தை மட்டும் அவரால் உண்டாக்க முடியாது.

எங்கள் கந்தோரில் பெண்களுக்கு ஒரே ஒரு மலசலகூடம். தரை எப்போதும் ஈரம். கதவில் கொளுக்கி இல்லை, தாழ்ப்பாளும் சரியாக விழாது. ஆறு யார் நீளச் சேலையை ஈரத்தில் படாமல் அங்கே கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொசுவம் பிடிக்கும்போது முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எட்டு மணி தாண்டினால் மற்றப் பெண்களும் வருவார்கள், அவர்களைக் காக்கவைப்பதும் நியாயம் இல்லை. கொஞ்சக் காலம், பழைய பைல்கள் வைக்கும் அறையின் திறப்பைக் காரியாலய உதவியாளர் அக்கா தந்தார். காய்ந்த தரை, மூடும் கதவு. அது போதுமாக இருந்தது. பிறகு, ஆவணங்கள் இருக்கும் அறையை அதற்குக் கொடுக்கக்கூடாது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். பின்பக்கக் கொடியில் நான் காயப்போட்ட ரீசேட்டைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. பொதுமக்கள் வரும் இடத்தில் அழகில்லையாம். முதலாவதில் இருக்கும் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதைத் தடுத்தவர்கள் வேறோர் இடத்தைக் காட்டவில்லை.

இப்போது நான் கந்தோரில் வியர்வை அடங்கியதும் சேலையை எடுத்துக்கொண்டு என் பெரியம்மா வீட்டுக்குப் போய், கிணற்றடியில் குளித்து, அவர் அறையில் சேலை கட்டிக்கொண்டு திரும்பக் கந்தோருக்கு நடந்து போகிறேன். நகருக்குள் பெரியம்மா இருப்பது எனக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆரையம்பதியில் இருந்தோ ஏறாவூரில் இருந்தோ சைக்கிளில் வர நினைக்கும் ஒருவருக்கு நகரில் உறவினர் வீடு இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? காத்தான்குடியில் இருந்து வரும் சக உத்தியோகத்தர் ஒருவர் அதிகாலையில் நன்றாக நடக்கக்கூடியவர். அபாயாவோடு அவ்வளவு தூரம் நடந்து வந்தால் உள்ளுடுப்பு முழுவதும் மாற்ற வேண்டும், பூட்டும் கதவுள்ள ஓர் அறை இருந்தால் நாளைக்கே வருவேன் என்கிறார். அவர் இன்றும் ஆட்டோவில்தான் வருகிறார்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஆறடிக்கு ஐந்தடி இடம் போதும். உள்ளே பூட்டக்கூடிய தாழ்ப்பாள், ஆள் உயரத்தில் நான்கைந்து கொளுக்கிகள், நின்று உடுத்துவதற்குத் தரையிலிருந்து சற்று உயர்ந்த பலகை, ஒரு கண்ணாடி, காற்றுப்போக்கு. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வாளியும். அநேகமான கந்தோர்களில் கால் உடைந்த கதிரைகளும் பழுதான கணினிகளும் அடைத்து வைத்த ஓர் அறை இருக்கிறது. வருட முடிவில் பொருட்கணக்கெடுப்புச் செய்து, பாவனைக்கு உதவாதவை என்று எழுதி, பிறகும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவற்றை ஏலத்தில் விட்டால் அறை கிடைத்துவிடும்.

ஒருவர் ஓடி வருவதற்காக அரச கட்டடத்தில் அறையா என்று கேட்பார்கள். அந்த அறை எனக்கு மட்டும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் வெளிக்களக் கடமைக்குப் போகும் உத்தியோகத்தர்கள் மோட்டார் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து, அந்த ஈரத்தோடு பின்னேரம் 4.15 வரை மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்கள். மகப்பேற்று லீவு முடிந்து வந்த ஒரு பிள்ளை பால் கட்டி வேதனைப்படும்போது ஒதுங்க இடமில்லாமல் அதே மலசலகூடத்துக்குத்தான் போகிறார். இவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே அறை உதவும்.

கந்தோர்களிடம் மட்டுமல்லாமல் மாநகர சபையிடமும் ஒரு வேண்டுகோள். கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முதலாளி அறை கட்டித் தரப்போவதில்லை. காலை ஆறு மணி முதல் எட்டரை வரை, சிறு கட்டணத்துக்குக் குளித்து உடுப்பு மாற்றும் வசதி நகருக்குள் ஓரிடத்தில் இருந்தால் அவர்களுக்கும் வழி பிறக்கும். வெபர் மைதானம் அதற்குப் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளை ஓடவும் விளையாடவும் பழக்கிய அமெரிக்கப் பாதிரியாரின் பெயரில் உள்ள மைதானம் அது. பக்கத்தில் சைக்கிள் பூட்டிவைக்க ஒரு கொட்டகையும் இருந்தால் போதும்.

எங்கள் கந்தோரில் என்னைப்போல் விருப்பமுள்ள சிலர் சேர்ந்து, பழைய தளபாட அறையை அளந்து, கோரிக்கை ஒன்றை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பலகை, கொளுக்கி, தாழ்ப்பாள் செலவை நாங்களே தருகிறோம் என்றும் அதில் எழுதியிருக்கிறோம். அறையை வெறுமையாக்க அனுமதி மட்டும் வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. அரச ஊழியர் என்பதால் என் பெயரையும் கந்தோரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். வேறு கந்தோர்களில் இப்படி ஓர் அறையை ஏற்கெனவே ஒழுங்குசெய்தவர்கள் இருந்தால், எந்த அனுமதியோடு எப்படிச் செய்தார்கள் என்பதை இந்தப் பகுதியில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கோரிக்கையோடு அதையும் இணைத்துக் கொடுப்போம்.

இப்படிக்கு,
அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர்,
நாவற்குடா, மட்டக்களப்பு.